மழலையும் எண்ணும்: பல மொழி வழங்கும் இல்லத்தில் எண் கற்பித்தல்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் நம் முன்னோர். அவ்விரண்டனுள் முதலில் குழந்தையை வந்தடைவது எண்ணே. இக்கல்வி பள்ளியில் தொடங்குவதன்று, இல்லத்தில் தொடங்குவது.

பினாங்கில் வளரும் தமிழ்க் குழந்தையின் செவியில் நான்கு மொழிகளின் எண்கள் விழுகின்றன. தாய் ‘ஒன்று, இரண்டு’ என்கிறாள். பாலர் பள்ளியில் ‘சத்து, டுவா’ ஒலிக்கிறது. ஜார்ஜ் டவுன் சந்தையில் ஹொக்கியன் மொழியில் விலை பேசுகின்றனர். தொலைக்காட்சி ஆங்கிலத்தில் எண்ணுகிறது. தோட்டக் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. “பிள்ளை குழம்பிவிடுமே, தமிழ் எண்களை விட்டுவிடலாமா?” எனப் பெற்றோர் சிலர் கலங்குகின்றனர். இக்கலக்கம் தேவையற்றது.

ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு

இரண்டு வயதுக் குழந்தை பத்து வரை ஒப்பிக்கக்கூடும். ஆயினும், “மூன்று கரண்டி கொடு” என்றால் கைக்கு வந்ததை அள்ளித் தரும். இது மந்த புத்தியன்று, அவ்வயதின் இயல்பு.

1978 ஆம் ஆண்டில் ஜெல்மன், கேலிஸ்டல் என்னும் அறிஞர் இருவர் எண்ணுதலின் விதிகளை விளக்கினர். அவற்றுள் மூன்று தலையாயவை. ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே உரியது. சொற்களின் வரிசை மாறலாகாது. இறுதியில் சொன்ன சொல்லே மொத்தத் தொகை. முதல் விதியைப் பால் மரம் வெட்டுவோர் நன்கறிவர். நிரையில் ஒரு மரத்துக்கு ஒரு மங்கு. எதுவும் விடுபடாது, எதற்கும் இரண்டு வைப்பதில்லை. மூன்றாம் விதியே கடினமானது. அது பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதளவிலேதான் குழந்தைக்கு விளங்குகிறது.

ஒரு மொழியில் பெற்றது மறுமொழிக்கும் உதவும்

இருமொழிக் குழந்தைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2015 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றின் பொருளைக் குழந்தைகள் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே கற்கின்றனர் என்று அது கண்டது. ஆனால், இறுதிச் சொல்லே மொத்தத் தொகை என்பதை ஒரு மொழியில் உணர்ந்த குழந்தை, மறுமொழியிலும் அதனைக் கையாள்கிறது. ஆகவே, தமிழில் ஊன்றிய எண்ணறிவு மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் இடையூறன்று, துணையே.

தமிழ் எண்களின் அமைப்பும் இதற்கு ஏற்றது. ‘பதினொன்று’ என்பதில் பத்தும் ஒன்றும் தெளிவாக உள்ளன. ஹொக்கியனிலும் ‘சாப் இட்’ என்று பத்தே முன்னிற்கிறது. மலாயில் ‘டுவா பெலாஸ்’ என்னும்போது இரண்டு முன்வருகிறது. ஆங்கில ‘லெவன்’, ‘டுவெல்வ்’ என்பவற்றில் பத்தின் சாயலே புலப்படாது. தமிழில் இடர் தருவது ஒன்பதின் வரிசை. ‘ஒன்பது’ பத்தைப் போலவும், ‘தொண்ணூறு’ நூறைப் போலவும், ‘தொள்ளாயிரம்’ ஆயிரத்தைப் போலவும் ஒலிக்கின்றன. பிள்ளை வளர்ந்து பெரிய எண்களுக்கு வரும்போது இங்கு பொறுமை வேண்டும்.

இல்லத்தில் செய்ய வேண்டுவன

1. விடியலில் வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்கு மாலை நேரமே வாய்க்கும். தட்டு வைக்கும்போதும் செருப்பை அடுக்கும்போதும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். பகலில் பாட்டியும் இதனைச் செய்யலாம்.

2. எண்ணி முடித்ததும், “ஆக மொத்தம் மூன்று” என்று அழுத்திச் சொல்லுங்கள். மூன்றுக்குள் நன்கு பழகிய பின்னரே மேலே செல்லுங்கள்.

3. ‘ஒன்று, டுவா, த்ரீ’ என ஓர் எண்ணிக்கைக்குள் மொழிகளைக் கலவாதீர். தமிழில் எண்ணி முடித்து, பின்னர் அதே பொருள்களை மலாயில் எண்ணுங்கள்.

4. குழந்தை கலந்து சொன்னால் கடிந்துகொள்ளாதீர். சரியான வரிசையைத் தாமே மீண்டும் சொல்லிக் காட்டுங்கள்.

5. ரப்பர் விதை, காசு, பொத்தான் ஆகியவற்றை மழலையர் கையில் தராதீர். அவை தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கும். பச்சை ரப்பர் விதையில் நச்சுத்தன்மையும் உண்டு.

இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. நாள்தோறும் சில நிமிடங்கள் போதும். தாய்மொழியில் மூன்று கரண்டியைப் பிழையின்றி எடுத்துத் தரும் குழந்தை, எம்மொழிப் பள்ளிக்குச் சென்றாலும் கணக்கைக் கண்டு அஞ்சாது.