எந்த ஊர் என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு

ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். ரொறன்ரோ நகர நடுவில் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தில் அவருக்கு உள்ளகத் தொடர்பாடல் வேலை. பணியாளர் மடல், தலைமை அதிகாரியின் உரை, புதிய விதிகளை விளக்கும் குறிப்பு எல்லாம் அவர் கையால் எழுதியவைதான். ஆறு வருடமாயிற்று. கிழமையில் இரண்டு நாள் கோ ரயிலில் யூனியன் நிலையத்துக்குப் போகிறார். மிச்ச நாள் வீட்டில் இருந்தே வேலை. “எனக்குப் பிறகு வந்த இரண்டு பேர் முகாமையாளர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்கு ஆட்களைத் தெரியும், எனக்குத் தெரியாது. நெற்வேர்க்கிங் நிகழ்வுகளுக்குப் போனால் கோப்பியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறேன். இதைப் பழகலாமா?” என்று கேட்கிறார்.

பழகலாம். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு கலியாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தால் என்ன செய்வீர்கள்? “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்பீர்கள். ஊர் வந்தால் பள்ளிக்கூடம் வரும், பள்ளிக்கூடம் வந்தால் யாரோ ஓர் ஆசிரியரின் பெயர் வரும். பத்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். தொழிலில் ஆட்களைத் தெரிந்துகொள்வதும் இதே வேலைதான். ஊருக்குப் பதிலாக, “இப்போது எதில் மினக்கெடுகிறீர்கள்?” என்று கேட்க வேண்டும். “என்ன வேலை?” என்று கேட்டால் பதவியின் பெயரோடு பதில் முடிந்துவிடும். எதில் மினக்கெடுகிறார் என்று கேட்டால் அவருடைய தலையிடி வெளியே வரும். தொடர்பாடல் தொழிலில் உள்ள எல்லோருக்கும் சொல்லி ஆற ஒரு தலையிடி உண்டு.

தெரியாத மற்றப் பாதி, யாரிடம் போய்க் கேட்பது என்பது. இங்கேதான் எங்கள் தமிழ்ச் சமூகம் ஓர் இடத்தில் பலமாகவும் இன்னோர் இடத்தில் பலவீனமாகவும் இருக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பொஸ்டனுக்குப் பக்கத்து நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறிய தொழில்சார் பணியாளர்களிடம், “அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?” என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 வீதம். இடைக்கிடை என்றவர்கள் 55.6 வீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 வீதம். அவர் கேட்டது 54 பேரிடம்தான். ஆனால் லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான பரிசோதனையும் ஏறக்குறைய இதே பக்கம்தான் காட்டியது: வேலை மாற மிக உதவுபவர்கள் நெருங்கியவர்களும் அல்ல, அடியோடு அந்நியரும் அல்ல, ஓரளவு மட்டும் பழக்கமானவர்கள்.

காரணம் எளிது. உங்கள் ஊர்ச்சங்க வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததுதான். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். செத்த வீட்டுக்கும் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கும் ஓடிவரும் அந்த உறவுக்கு ஈடு இல்லை; அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் ஒரு வங்கியின் தொடர்பாடல் பிரிவில் அடுத்த மாதம் ஓர் இடம் காலியாகப்போகிறது என்ற செய்தி அந்தக் குழுவுக்குள் தானாக நுழையாது. அது வேறொரு வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வட்டத்தின் ஓரத்தில் உங்களை அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

அந்த வட்டங்கள் ரொறன்ரோவில் தேடக் கடினமானவை அல்ல. சர்வதேச வணிகத் தொடர்பாடலாளர் சங்கமான ஐ.ஏ.பி.சி. 1970இல் தொடங்கியது, அதன் ரொறன்ரோக் கிளை நீண்டகாலமாக இயங்குகிறது. கனடிய மக்கள் தொடர்புச் சங்கமான சி.பி.ஆர்.எஸ். 1948இல் தொடங்கியது; அதற்கும் இங்கே கிளை உண்டு. எங்கள் பக்கத்தில் 1991இல் தொடங்கிய கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனம் இருக்கிறது. எல்லாவற்றிலும் சேர வேண்டாம். உள்ளகத் தொடர்பாடல் செய்யும் உங்களுக்கு ஐ.ஏ.பி.சி. கூடப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஒன்றில் சேர்ந்து ஒரு வருடம் ஒழுங்காக இருந்து பாருங்கள்.

ஆனால் விருந்தாளியாகப் போகாதீர்கள். தொண்டராகப் போங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஒன்றுகூடலில் முப்பதுக்கு மேல் முகவரி அட்டைகள் சேர்த்தேன். மறுநாள் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அடுத்த வருடம் அதே நிகழ்வில் பதிவு மேசையில் ஆள் தேவை என்று கேட்டார்கள், போய் இருந்தேன். வந்த ஒவ்வொருவரும் என்னிடம்தான் பெயர் சொல்லி அட்டை வாங்க வேண்டியிருந்தது. பேச்சைத் தொடங்க நான் யோசிக்கவே தேவையில்லை. பிறகு மண்டபத்துக்குள் போனபோது முகம் தெரிந்தவர்கள் அங்கும் இங்கும் நின்றார்கள். அன்று பழகிய மூன்று பேரோடு இன்றும் தொடர்பு இருக்கிறது. கூச்சம் உள்ளவர்களுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். கோப்பிக் கோப்பை அந்த வேலையைச் செய்யாது.

முகவரி அட்டை என்றதும் ஓர் எச்சரிக்கை. கனடாவின் ஸ்பாம் தடைச் சட்டம் 2014 யூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்கிய அட்டையைப் பார்த்து ஒருவருக்கு உங்கள் பெயரில் தனிப்பட நாலு வரி எழுதுவது வேறு. அவருடைய முகவரியை நிறுவனத்தின் விற்பனை மடல் பட்டியலில் சேர்ப்பது வேறு. அதற்குச் சம்மதம் வேண்டும். அனுப்புபவர் யார் என்பது மடலில் தெளிவாக இருக்க வேண்டும், விலகும் வழி இருக்க வேண்டும், விலகக் கேட்டால் 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். மீறினால் நிறுவனத்துக்கு 1 கோடி டொலர் வரை, தனிநபருக்கு 10 லட்சம் டொலர் வரை தண்டம் உண்டு. எங்கள் ஆட்களின் சின்ன வியாபாரங்கள் பல இதை அறியாமலே அட்டைகளை அள்ளிப் பட்டியலில் போடுகின்றன. ஒரு தொடர்பாடலாளராக நீங்கள் அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். அதுவே ஒரு நல்ல அறிமுகம்.

இனி, தொழில் வளர்ச்சி. பதவி உயர்வு தவறியதற்கு ஆட்களைத் தெரியாதது மட்டும் காரணமாக இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். உங்கள் கடிதத்தில் ஆறு வருடமாக என்னென்ன எழுதினீர்கள் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றால் என்ன மாறியது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. குறையாகச் சொல்லவில்லை தங்கை, எழுத்தை நேசித்து இந்தத் தொழிலுக்கு வந்த எங்கள் எல்லோரிடமும் இது உண்டு. மடல் அழகாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மேசைக்கு மற்றப் பக்கம் இருப்பவரின் கேள்வி வேறு. 2010இல் தொடர்பாடல் அளவீட்டுத் துறையினர் பார்சிலோனாவில் கூடி வகுத்த கோட்பாடுகளும் அதையே சொல்கின்றன: எவ்வளவு வெளியிட்டோம் என்பதை மட்டும் எண்ணாதே, அதனால் என்ன விளைந்தது என்று பார்.

ஓர் உதாரணம் வைப்போம். பணியாளர்களின் பற்காப்புத் திட்டம் மாறுகிறது, நீங்கள் விளக்கக் குறிப்பு எழுதுகிறீர்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு. போன முறை திட்டம் மாறியபோது மனிதவளப் பிரிவுக்கு எத்தனை அழைப்புகள் வந்தன, இம்முறை எத்தனை வந்தன, படிவத்தைப் பிழையாக நிரப்பியவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கைக் கையில் வைத்திருப்பவரைத்தான் அடுத்த மாற்றத்தின்போது முதலிலேயே கூப்பிடுவார்கள். எழுதத் தொடங்க முன்பே மனிதவளப் பிரிவில் ஒருவரிடம் அந்தப் பழைய எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அவர் உங்களுக்கு வேறு பிரிவில் ஒரு புதிய அறிமுகமும் ஆகிவிடுவார்.

இதைப் பழக ஒரு நல்ல வழி ஐ.ஏ.பி.சி. விருதுகளின் விண்ணப்பப் படிவம். உலக அளவில் கோல்ட் குவில், ரொறன்ரோ அளவில் ஒவேஷன். நிறுவனத்தின் தேவை என்ன, யாருக்காக எழுதினீர்கள், அளக்கக்கூடிய குறிக்கோள் என்ன, என்ன செய்தீர்கள், முடிவை எப்படி அளந்தீர்கள் என்று அதில் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். விருதுக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் கடந்த ஆறு வருட வேலையில் மூன்றை எடுத்து அந்தத் தலைப்புகளின் கீழ் எழுதிப் பாருங்கள். எங்கே எழுத ஒன்றுமில்லையோ, அங்கேதான் உங்கள் அடுத்த வருடப் படிப்பு இருக்கிறது. எழுத முடிந்தவை நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோகும் கோப்பாகிவிடும்.

சான்றிதழ்களைப் பற்றிப் பலர் கேட்பார்கள். தொடர்பாடல் துறைச் சான்றிதழ்களில் சி.எம்.பி. என்பது இடைநிலை அனுபவம் உள்ளவர்களுக்கு, எஸ்.சி.எம்.பி. மூத்த ஆலோசகர்களுக்கு. சி.பி.ஆர்.எஸ். வழங்கும் ஏ.பி.ஆர். தகுதிக்கு வேலை மாதிரி, எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு என்று மூன்று படிகள். சான்றிதழ் தனியே பதவி வாங்கித் தராது. ஆனால் பரீட்சைக்குப் படிக்கும்போது உத்தி, நெறிமுறை, நெருக்கடிகாலத் தொடர்பாடல் என்று அன்றாட வேலை தொடாத பகுதிகள் நிரம்பும். நிறுவனத்திடம் பயிற்சிக்கான பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். வருட வரவுசெலவு முடிவாகுமுன், ஒரு பக்கக் குறிப்போடு.

நீங்கள் கணக்கில் எடுக்காத ஒரு சொத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், பழைய மாணவர் சங்கத்தின் நிதிசேர் இரவுக்கு இரண்டு மொழியிலும் அறிவித்தல் எழுதுவது நீங்கள்தான் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை உங்கள் தன்விவரக் குறிப்பில் போட்டிருக்கிறீர்களா? ரொறன்ரோப் பல்கலைக்கழக ஸ்காபுறோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக 30 லட்சம் டொலர் சேர்க்கும் முயற்சி 2018இல் தொடங்கி 2021இல் இலக்கை எட்டியது. அப்படி ஒரு முயற்சிக்குப் பணம் தானாக வராது. பாட்டிக்கு ஒரு விதமாகவும், இங்கே பிறந்த பேரனுக்கு இன்னொரு விதமாகவும் யாரோ எழுத வேண்டும், பேச வேண்டும், கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அதைத் தொண்டு என்று சொல்லி மறந்துவிடுகிறார்கள். தொண்டுதான். அதோடு, இரு மொழியில், இரு தலைமுறைக்கு, நிதி திரட்டும் தொடர்பாடலும்தான். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு சேர்ந்தது என்ற எண்ணோடு எழுதி வையுங்கள்.

தமிழ் மரபுத் திங்களை ஒன்ராறியோ 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றன. அதனால் தை வந்தால் பல நிறுவனங்களில் “நீங்கள் ஒரு நிகழ்ச்சி செய்யலாமே” என்று கேட்பார்கள். செய்யுங்கள், ஆனால் வடையும் கோலமும் மட்டும் உங்கள் பொறுப்பாக விடாதீர்கள். மேலதிகாரி ஒருவரை ஆதரவாளராகக் கேளுங்கள், ஒரு சின்னச் செலவுத் தொகையைக் கேளுங்கள், முடிந்ததும் ஒரு பக்க அறிக்கை கொடுங்கள். இதற்கு நேரமோ பணமோ தர முடியாது என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டவும் இப்போது உங்களால் முடியும். ரொறன்ரோ வட்டாரக் குடிவரவாளர் வேலைவாய்ப்பு மன்றம் நடத்தும் வழிகாட்டித் திட்டம், புதிதாக வந்த தொழில்சார் குடிவரவாளரை அதே துறையில் இங்கே வேலை செய்யும் ஒருவரோடு இணைத்துவிடுகிறது. கொழும்பிலோ சென்னையிலோ லாகோசிலோ பத்து வருடம் இதே தொழிலைச் செய்த ஒருவர் உங்களிடம் வரக்கூடும். இன்று அவருக்குக் கனடிய அனுபவம் இல்லை. இரண்டு வருடத்தில் வேறொரு நிறுவனத்தில் உங்களை நன்றாக நினைக்கும் ஓர் ஆளாக அவர் இருப்பார். முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்பது எவ்வளவோ இலகு.

தொடர்பைக் காப்பதற்குச் சுகம் விசாரிப்பைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. சந்தித்த அதே கிழமைக்குள் ஒரு குறிப்பு, பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று. வெறுமனே “எப்படி இருக்கிறீர்கள்” என்று எழுதாமல், அவர் சொன்ன தலையிடியை நினைவில் வைத்து எழுத வேண்டும். அதற்காகச் சந்தித்த அன்றிரவே அட்டையின் பின்புறம் ஒரு வரி குறித்துவிடுங்கள். மாதம் நாலு பேர் போதும்.

நேரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஸ்ரௌவ்வில் பாதையின் வடமுனைக்குப் பக்கத்தில் ஏறுவதால் காலையில் இருக்கை கிடைத்துவிடும். யூனியன் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மார்க்கம் வருவதற்குள் ஒரு குறிப்பு எழுதி முடிக்கலாம். முதலாவதை நானே தொடங்கித் தருகிறேன், பெயரை நிரப்பி உங்கள் சொல்லில் மாற்றிக்கொள்ளுங்கள்:

“வணக்கம். மார்ச் மாத நிகழ்வில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் கதைத்தோம். தொழிற்சாலைப் பணியாளர்கள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள். எங்கள் களப் பணியாளர்களுக்கும் அதே சிக்கல். இளைப்பாறும் அறையில் ஒரு பக்கச் சுவரொட்டி வைத்துப் பார்த்தோம், கேள்விகள் குறைந்தன. மாதிரியை இணைத்திருக்கிறேன். உங்கள் பக்கம் எது பலித்தது என்று அறிய ஆசை. அடுத்த செவ்வாய் யூனியன் பக்கம் வந்தால் இருபது நிமிடம் கோப்பி குடிக்கலாமா?”