அப்பாவோட ஸ்கூட்டருக்கு இடம் இருக்கா? ஃப்ளாட் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய பார்க்கிங் உரிமை



வீடு வாங்குறதுன்னா டவுன் பேமென்ட், இ.எம்.ஐ., பத்திரச் செலவு, மெயின்டனன்ஸ் எல்லாத்துக்கும் கணக்குப் போடுறோம். பார்க்கிங்கை மட்டும் கடைசி அஞ்சு நிமிஷத்துல பேசி முடிச்சிடுறோம். வீட்டுல ஒரு மாற்றுத்திறனாளி இருந்தா, அந்த அஞ்சு நிமிஷம்தான் மொத்த முதலீட்டையும் வீணாக்கும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்களுக்கு சொந்த ஊர் கோவில்பட்டி, வேலை சென்னையில. அப்பாவுக்கு சின்ன வயசுலயே போலியோ, ஒரு கால் சரியா வராது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமா கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்தான் அவருக்குக் கால். ஊர்ல அந்த வண்டி வீட்டு வாசப்படி வரைக்கும் வரும். காலையில டீக்கடை, அப்புறம் செண்பகவல்லி அம்மன் கோவில், வர்ற வழியில மார்க்கெட். யாரையும் எதிர்பார்க்காத மனுஷன்.

நீங்க 60 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் வாங்கி அப்பாவைக் கூட்டிட்டு வர்றீங்க. டூவீலர் பார்க்கிங் பேஸ்மென்ட்ல, செங்குத்தான சரிவு. வண்டி நிறுத்துற இடத்துக்கும் லிஃப்ட்டுக்கும் நல்ல தூரம். கோடு போட்ட இடம் சாதாரண பைக் அகலத்துக்குத்தான். பக்கச் சக்கரம் வச்ச வண்டி அதுக்குள்ள அடங்காது. பக்கத்து வண்டிக்காரர் தினமும் புகார் பண்றார். செக்ரட்டரிகிட்ட கேட்டா, "எல்லாருக்கும் ஒரே ரூல் தான் தம்பி"ங்கிறார். ரெண்டே மாசத்துல அப்பா, "எனக்கு ஊரே போதும்ப்பா"ன்னு கிளம்பிடுறார். வீடு உங்க பேர்ல இருக்கு, இ.எம்.ஐ. போயிட்டு இருக்கு. யாருக்காக வாங்கினீங்களோ அவர் அங்க இல்ல.

இதுக்கு ஒரு வழி இருக்கு. சட்டமும் ஓரளவு உங்க பக்கம்தான் இருக்கு. ஆனா அதைச் சரியான நேரத்துல, எழுத்துல கேட்கணும்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்" என்பது சரியா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கு. இதுல நமக்கு வேண்டியது மூணு விஷயம்.

ஒண்ணு, 'நியாயமான ஏற்பாடு'. ஒரு மாற்றுத்திறனாளி மற்றவங்களைப் போலவே வாழறதுக்குத் தேவையான சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து தரணும். ஆனா அது செய்றவங்க மேல அளவுக்கு மீறிய சுமையா இருக்கக் கூடாது. இதுதான் அதோட பொருள். லிஃப்ட் பக்கத்துல ஒரு இடத்தை மாத்திக் கொடுக்கிறது இந்த வகையில வரும்னு உறுதியா வாதாடலாம். புதுசா ஒரு லிஃப்ட் கட்டிக் கொடுங்கன்னு கேட்டா, அது சுமையா இல்லையான்னு பேச்சு வரும்.

ரெண்டு, அப்படிப்பட்ட ஏற்பாட்டை மறுக்கிறதையே இந்தச் சட்டம் 'பாகுபாடு'ங்கிற வரையறைக்குள்ள கொண்டு வருது. அதாவது, "நாங்க யாரையும் ஒதுக்கலையே, எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே"ங்கிற பதில் மட்டும் போதாது.

மூணு, தனியார் நிறுவனம்னு சட்டம் சொல்றதுல கம்பெனி மட்டும் இல்ல. சொசைட்டி, சங்கம் இதெல்லாமும் வருது. அதனால, "நாங்க வெறும் குடியிருப்போர் சங்கம், எங்களுக்கு இது பொருந்தாது"ன்னு சொன்னா, இந்த வரையறையை எடுத்துக் காட்டலாம்.

இன்னொரு விஷயம். இந்த உரிமை அப்பாவுக்கு உரியது. அவர் பேர்ல பத்திரம் இருக்கா, வாடகைக்கு இருக்காரான்னு மாற்றுத்திறனாளி வரையறையில எந்தப் பிரிவும் இல்ல. அரசு சலுகைகள் பலதுக்கு 40 சதவீத ஊனம் வேணும். நியாயமான ஏற்பாடு கேட்க அந்த 40 சதவீத அளவுகோலைச் சட்டம் வைக்கல.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு

நியூயார்க் புரூக்ளின்ல கேட்மன் டவர்ஸ்னு ஒரு கூட்டுறவு குடியிருப்பு. வீடுகள் அதிகம், பார்க்கிங் குறைவு. யார் முதல்ல பதிவு பண்ணாங்களோ அவங்களுக்குத்தான் இடம், மத்தவங்க வரிசையில காத்திருக்கணும். நரம்பு மண்டலத்தைப் பாதிக்கிற நோய் இருந்த ஒரு பெண், கட்டடத்துக்குள்ளயே இடம் கேட்டாங்க. வரிசையை மீற முடியாதுன்னு நிர்வாகம் சொல்லிடுச்சு. 1995-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அவங்க பக்கம் நின்னது. வரிசை முறை எல்லாருக்கும் பொதுவானதுங்கிறதாலயே அது நியாயமாகிடாது. தேவைப்பட்டா அந்த விதியையே கொஞ்சம் வளைச்சுக் கொடுக்கணும்ங்கிறதுதான் அதுல நமக்கான பாடம். அந்தத் தீர்ப்பு நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனா நம்ம 2016 சட்டத்துல இருக்கிற 'நியாயமான ஏற்பாடு'ங்கிற கருத்தும் இதேதான்.

பில்டர் பார்க்கிங்கை தனியா விக்கலாமா?

"சார், லிஃப்ட் பக்கத்துல வேணும்னா எக்ஸ்ட்ரா 3 லட்சம்." இதைக் கேட்டதும் சரின்னு சொல்லிடாதீங்க.

2016-ஆம் ஆண்டு ரெரா சட்டப்படி, திறந்தவெளி பார்க்கிங் பொதுப் பகுதி. பொதுப் பகுதியை பில்டர் சங்கத்துகிட்ட ஒப்படைக்கணும். ஒரு ஆளுக்குத் தனியா வித்துக் காசாக்க முடியாது. 2010-ல உச்ச நீதிமன்றம், நஹல்சந்த் லாலூசந்த் வழக்குல, தூண்களுக்கு நடுவுல இருக்கிற ஸ்டில்ட் பார்க்கிங்கையும் பில்டர் தனிச் சொத்தா விக்க முடியாதுன்னு சொல்லுச்சு. ஆனா அது மகாராஷ்டிரா சட்டத்தை வச்சு வந்த தீர்ப்பு. அதனால ஸ்டில்ட் பார்க்கிங் விஷயத்துல தீர்ப்பை மட்டும் நம்பாம, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

அந்த 3 லட்சத்துக்கு ஒரு கணக்கு. அதையும் ஹோம் லோன்ல சேர்த்தா, 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னு வச்சா மாசம் சுமார் 2,600 ரூபாய். 20 வருஷத்துல மொத்தம் ஏறக்குறைய 6.25 லட்சம். கேட்டா கிடைக்கக்கூடிய ஒரு ஏற்பாட்டுக்கு இவ்வளவு கொடுக்கணுமான்னு முதல்ல யோசிங்க.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 5 கேள்விகள்

1. ஒப்புதல் பெற்ற வரைபடத்துல மாற்றுத்திறனாளி பார்க்கிங் எங்க காட்டியிருக்கு? விளம்பர பிரௌஷரை இல்ல, ஒப்புதல் வரைபடத்தைக் கேளுங்க. காகிதத்துல இருந்து தளத்துல இல்லேன்னா, அதுவே பேரம் பேச முதல் ஆயுதம்.

2. அகலம் எவ்வளவு? சாதாரண கார் இடம் சுமார் 2.5 மீட்டர் அகலம். தேசிய கட்டட விதித்தொகுப்பு மாற்றுத்திறனாளிக்கு 3.6 மீட்டர் சொல்லுது. கூடுதலா இருக்கிற அந்த ஒரு மீட்டர்தான் கதவை முழுசாத் திறந்து சக்கர நாற்காலியைப் பக்கத்துல கொண்டு வர்றதுக்கு.

3. கட்டட வாசல்ல இருந்து எவ்வளவு தூரம்? அதே விதித்தொகுப்பு 30 மீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. நீங்களே நடந்து எண்ணிப் பாருங்க.

4. வண்டியில இருந்து லிஃப்ட் வரைக்கும் ஒரு படிகூட இல்லாம போக முடியுமா? சரிவுப் பாதை 1-க்கு 12-ங்கிற அளவுல இருக்கணும். அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம். அரை அடி படி ஒண்ணு இருந்தாலே சக்கர நாற்காலிக்கு அது சுவர்.

5. உங்களுக்கு ஒதுக்குற இடத்தோட எண்ணும் வரைபடமும் விற்பனை ஒப்பந்தத்துல இருக்கா? "பொசஷன் அப்போ பார்த்துக்கலாம் சார்"னு சொன்னா, அட்வான்ஸையும் அப்பவே கொடுத்துக்கலாம்.

ஏற்கனவே குடியிருக்கீங்களா?

முதல்ல சண்டை வேண்டாம். பெரும்பாலான செக்ரட்டரிகளும் உங்களை மாதிரி வேலைக்குப் போற ஆளுங்கதான். ஒரு நாள் அவரைக் கூட்டிட்டுப் போய், அப்பா வண்டியை நிறுத்திட்டு லிஃப்ட்டுக்கு வர்றதைக் காட்டுங்க. பத்து மெயிலுக்கு அது சமம். ஆனா கோரிக்கையை எழுத்துலயும் கொடுத்து, பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வாங்குங்க. இப்படி எழுதலாம்:

"எங்கள் வீட்டில் வசிக்கும் என் தந்தை மாற்றுத்திறனாளி. அவர் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் பயன்படுத்துகிறார். இப்போதைய இடத்தில் அந்த வண்டியை நிறுத்தி, துணையின்றி லிஃப்ட்டுக்கு வர அவரால் இயலவில்லை. லிஃப்ட் அருகில் உள்ள விருந்தினர் பார்க்கிங்கில் ஓர் இடத்தை அவர் பயன்பாட்டுக்கு ஒதுக்கித் தருமாறு, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன்படி நியாயமான ஏற்பாடாகக் கேட்டுக்கொள்கிறேன். அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன்."

இதுல கவனிங்க: விருந்தினர் இடத்தைத்தான் கேட்கிறோம். அது பொதுப் பகுதி, சங்கமே முடிவு பண்ணலாம். செலவு ஒரு டப்பா பெயின்ட்டும் ஒரு போர்டும்தான்; அளவுக்கு மீறிய சுமைன்னு யாரும் சொல்ல முடியாது. இன்னொரு வீட்டுக்காரரோட இடத்தைப் பிடுங்கிக் கொடுங்கன்னு கேட்டா விஷயம் சிக்கலாகும். அவர் மனசு வச்சு இடம் மாத்திக்கிட்டா நல்லது. ஆனா அவர் நாளைக்கு வீட்டை வித்துட்டா? அதனால பொதுக்குழுவுல தீர்மானமா நிறைவேத்தி, நகல் வாங்கி வச்சுக்கோங்க.

பதிலே வரலைன்னா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்க. அடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். விசாரணைக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அவர் கொடுக்கிறது பரிந்துரை. கோர்ட் உத்தரவு மாதிரி இல்ல. ஆனாலும் விசாரணைக் கடிதம் வந்ததுமே பல இடத்துல பேச்சுவார்த்தை தொடங்கிடும். சட்டத்தை மீறினா முதல் முறை 10,000 ரூபாய் வரைக்கும், மறுபடி மீறினா 50,000 முதல் 5 லட்சம் வரைக்கும் அபராதம்னு சட்டத்துலயே இருக்கு. பில்டர் பக்கம் தப்பு இருந்தா அதுக்கு ரெரா ஆணையம் தனி வழி.

2024 நவம்பர் 8-ல உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதுரி வழக்குல, அணுகல் வசதிக்கான தரங்களை வெறும் பரிந்துரையா விட முடியாது, கட்டாய விதிகளா ஆக்கணும்னு மத்திய அரசுக்குச் சொல்லியிருக்கு. காற்று எந்தப் பக்கம் வீசுதுன்னு உங்க சங்கத்துக்குக் காட்ட இது உதவும்.

ஊர்ப்பக்கம் பிளாட் வாங்குறவங்களுக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் லே-அவுட்ல மனை வாங்கிப் போடுறவங்களும் நம்மள்ல நிறைய. அங்க இடம் தாராளம், பிரச்சினை மண்ணுல. கரிசல் மண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில அந்தச் சகதியில ஊன்றுகோல் வச்சா உருவ முடியாது. சக்கரம் இறங்கினா நகராது. அவசரமா போட்ட சிமென்ட் சரிவும் ரெண்டே வருஷத்துல விரிசல் விட்டு, நடுவுல படி மாதிரி எழும்பி நிக்கும். அதனால கோடை காலத்துல மட்டும் மனையைப் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. மழை முடிஞ்ச மறுநாள் அப்பாவையும் அந்த ஸ்கூட்டர்லயே கூட்டிட்டுப் போங்க. கரிசலைத் தோண்டி எடுத்து, கிராவல் நிரப்பி, இறுக்கின பிறகுதான் வாசல் சரிவையும் வண்டி நிறுத்துற தளத்தையும் போடணும். கட்டுமான பட்ஜெட்ல இதுக்குத் தனி வரி ஒதுக்குங்க.

கையில இருக்க வேண்டிய காகிதமும் வரிச் சலுகையும்

எல்லாத்துக்கும் அடிப்படை யு.டி.ஐ.டி. அட்டை. அப்பாகிட்ட பழைய அடையாளப் புத்தகம் மட்டும் இருந்தா, சுவாவ்லம்பன் இணையதளத்துல விண்ணப்பிச்சு வாங்கிடுங்க.

அதே அட்டை வரியிலயும் உதவும். உங்களைச் சார்ந்திருக்கிற பெற்றோர் மாற்றுத்திறனாளியா இருந்து, அவங்க சிகிச்சைக்கோ பராமரிப்புக்கோ நீங்க செலவு பண்ணா, 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவுல 75,000 ரூபாய் கழிவு. ஊனம் 80 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000. செலவு எவ்வளவுன்னு பார்க்காம முழுத் தொகையும் கிடைக்கும். 20 சதவீத வரி வரம்புல இருக்கிறவருக்கு 75,000-க்கு மிச்சம், செஸ் சேர்த்து 15,600 ரூபாய். ஆனா இது பழைய வரி முறையில மட்டும்தான். அப்பா தன் பேர்ல 80யு கழிவு எடுத்திருந்தா உங்களுக்குக் கிடையாது. 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைங்கிறதால, பிரிவு எண்கள் மாறும். ஆபீஸ்ல கணக்கு கொடுக்கும்போது அதைக் கவனிங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. நீங்க இருக்கிற அபார்ட்மென்ட்டிலோ பார்த்து வச்சிருக்கிற வீட்டிலோ, வண்டி நிறுத்துற இடத்துல இருந்து வீட்டுக் கதவு வரைக்கும் அப்பாவோட வேகத்துல நடந்து பாருங்க. எங்க நிக்க வேண்டி வருதோ, அங்கதான் உங்க முதல் கேள்வி இருக்கு. அதை அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.