எதிர்த்தரப்பை எடைபோடும் முன்

அமெரிக்கா இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்று அங்கே வாழும் நம் உறவினர்கள் சொல்லிக் கேட்கிறோம். பிளவு உண்டுதான். ஆனால் மக்கள் மனத்தில் இருக்கும் பிளவு, மண்ணில் இருப்பதைவிடப் பெரியது. அங்கே வாக்களிக்கும் தமிழர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

செய்யக்கூடாதவை

• நிறையச் செய்தி பார்க்கிறோம், அதனால் எதிர்த்தரப்பை நமக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள். 'மோர் இன் காமன்' அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வில் குடியரசு, ஜனநாயகம் ஆகிய இரு கட்சியினருமே, மறுதரப்பில் சுமார் 55 சதவீதம் பேர் தீவிரக் கருத்துடையவர்கள் என்று கணித்தார்கள். உண்மையில் சுமார் 30 சதவீதம்தான். எந்நேரமும் செய்தி பார்ப்பவர்களின் கணிப்பு, எப்போதாவது பார்ப்பவர்களின் கணிப்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறியிருந்தது.

• ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) கேட்கும் சத்தத்தை ஊரின் குரலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019-ல் பியூ ஆய்வு மையம் கணக்கெடுத்தபோது, அமெரிக்கப் பயனர்களில் 10 சதவீதம் பேரே 80 சதவீதப் பதிவுகளை எழுதியிருந்தார்கள்.

• "அவர்கள் அடிதடிக்கும் துணிந்தவர்கள்" என்று பேசாதீர்கள். இது வெறும் வாய்ப்பேச்சோடு நிற்பதில்லை. மறுதரப்பு வன்முறையை எவ்வளவு ஆதரிக்கிறது என்பதை மக்கள் பல மடங்கு கூட்டியே நினைக்கிறார்கள். உண்மை அளவைச் சொன்னதும் வன்முறைக்கான அவர்களுடைய சொந்த ஆதரவே குறைந்தது என்று 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தவறான கணிப்பு நம்மையும் கொடியவர்களாக்கும். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

செய்ய வேண்டியவை

• மறுகட்சிக்காரர் என்றதும் மனத்தில் எழும் உருவத்தைச் சோதித்துப் பாருங்கள். டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். குடியரசுக் கட்சியினரில் 38 சதவீதம் பேர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பதாக மக்கள் நினைத்தார்கள். உண்மையில் 2 சதவீதம்! ஜனநாயகக் கட்சியினரைப் பற்றிய கணிப்புகளும் இப்படியே தவறின.

• கேள்வியைத் துல்லியமாகக் கேளுங்கள். மேலே சொன்ன 'மோர் இன் காமன்' ஆய்வில், முறையாக நெறிப்படுத்தப்பட்ட குடியேற்றம் நாட்டுக்கு நல்லதாக அமையலாம் என்பதைக் குடியரசுக் கட்சியினரில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் ஏற்றார்கள். ஏறத்தாழ பாதிப்பேர்தான் ஏற்பார்கள் என்று ஜனநாயகக் கட்சியினர் எண்ணியிருந்தார்கள். குடியேறி வந்த குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

• மெய்யான வேறுபாட்டை மூடி மறைக்காதீர்கள், ஒப்புக்கொள்ளுங்கள். கருக்கலைப்பிலும் துப்பாக்கிச் சட்டத்திலும் இரு கட்சியினருக்கும் உள்ள இடைவெளி பெரியது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதும் நடந்த உண்மை. அதற்காக, மறுகட்சிக்கு வாக்களித்த ஒவ்வொருவரையும் தாக்கிய கூட்டத்தோடு சேர்த்து எண்ணுவது அநியாயம்.

• பக்கத்து வீட்டு வாசலில் மறுகட்சியின் தேர்தல் பலகையைப் பார்த்தால், அந்த வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். அவரிடமே போய்க் கேளுங்கள்.