இதய நோயாளியைக் காப்பது வீட்டார் பொறுப்பு



 2020-ஐப் போலவே 2021 ரமலானிலும், ஏப்ரல் 26 முதல், பள்ளிவாசலுக்குச் செல்ல முடியாமல் தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். உங்களிடம் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டியுள்ளது.

2020 ஊரடங்கில் நம் டிரஸ்ட் சார்பாக வீடு வீடாக அரிசியும் மளிகையும் கொடுத்தோம். அதில் ஒரு வீட்டுப் பெரியவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். பஸ் ஓடாததால் மாத்திரை வாங்கப் போகவில்லை. கையிலிருந்ததும் தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒருநாள் ஸஹர் நேரத்தில் நெஞ்சை அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வார்டில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து, வாயு என்று சொல்லி சோடா குடித்துப் படுத்துவிட்டார். லுஹருக்கு முன் மவுத்தாகிவிட்டார். அவருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. அரிசி கொடுத்த நாம், மாத்திரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்தக் குறை நம்முடையது.

ஆக, இதய நோயாளிக்கு ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. ஒன்று கிருமி, மற்றொன்று பயம்.

கிருமி எப்படிக் கெடுக்கிறது? காய்ச்சல் வந்தால் இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும். நுரையீரல் பாதித்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. உடம்பில் அழற்சி ஏறும்போது ரத்தம் எளிதில் உறைகிறது. நல்ல இதயம் இதைத் தாங்கும். ஏற்கெனவே பலவீனமான இதயம் தாங்காது.

வீட்டிலேயே இருக்கும் அத்தாவுக்கு நோய் தானாக வருவதில்லை. கடைவீதிக்கும் வேலைக்கும் போய் வரும் நாம்தான் கொண்டு வருகிறோம். எனவே வீட்டார் செய்ய வேண்டியவை:

1. வெளியே போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெரியவர் அருகில் முகக்கவசம் அணியுங்கள். அவர் அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இஃப்தாருக்கு உறவினர்களைக் கூட்டாதீர்கள்.

2. ஒரு மாத மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள் கொரோனாவைக் கூட்டும் என்று 2020-இல் பேச்சு கிளம்பியது. அவற்றை நிறுத்த வேண்டாம் என்று இதய மருத்துவச் சங்கங்கள் 2020 மார்ச் மாதமே அறிவித்துவிட்டன.

3. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

4. நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கிறது.

5. 2021 ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் தடுப்பூசி போடப்பட்டது. இதய நோயாளிகளே முந்திக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்பே நர்ஸிடம் சொல்லி, ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், இதெல்லாம் எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்திலிருந்து தம்முடன் வந்தவர்களோடு திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையும் அப்போது எடுத்துச் சொல்லப்பட்டது. மருந்து எடுப்பதும் தவக்குலுக்கு மாற்றமானதல்ல.

நோன்பும் அப்படித்தான். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூடாது என்றால் களாவா, ஃபித்யாவா என்பதை ஆலிமிடம் கேளுங்கள். மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு பிடிப்பது தக்வா ஆகாது.

இனி அந்தக் குறை நேரக்கூடாது. உங்கள் வீட்டு மருந்துச் சீட்டின் நகலை டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுங்கள். நம் இளைஞர்கள் வாங்கி வந்து வாசலில் தருவார்கள். வசதியில்லாதவர் கூச்சப்பட வேண்டாம்; பைத்துல்மால் இதற்காகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரிடமும், அவர் எந்தச் சமூகத்தவரானாலும், ‘மாத்திரை இருக்கிறதா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.