தமிழாசிரியரின் பணிப்பற்று

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் பள்ளியில் மனம் ஒன்றி நிலைத்திருப்பது எதனால்? இதனைப் பணிப்பற்று என்பர். கனடா நாட்டு அறிஞர்களான மேயர், ஆலன் இருவரும் 1991-இல் இதனை மூன்றாக வகுத்தனர்.

1. விருப்பப் பற்று: பள்ளியைத் தன்னுடையதாக நேசித்து இருப்பது.

2. இழப்பு அச்சம்: போனால் சம்பளமும் பதவி உயர்வும் போய்விடுமே என்று இருப்பது.

3. கடமைப் பற்று: விட்டுப்போவது முறையன்று என்று இருப்பது.

முதலாவதே நல்ல பணிக்கு மிகவும் துணை செய்கிறது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இரண்டாவது ஆளை நிறுத்தும், மனத்தை நிறுத்தாது.

2011 கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபாரில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. கட்டடமும் சம்பளமும் அரசு தரலாம். ஆனால் கடைத்தெருவிலும் விளையாட்டிலும் பிள்ளை இந்தியே பேச, பெற்றோரும் கணக்கு, ஆங்கில மதிப்பெண்ணை மட்டுமே விசாரித்தால், தமிழாசிரியருக்கு விருப்பப் பற்று எப்படி வளரும்?

நான் இரயில்வேயில் பொறியாளராக இருந்தவன். அங்கே தண்டவாளக் கிளிப் கழன்று விழும்வரை காத்திருப்பதில்லை. கீமேன் நாள்தோறும் நடந்து பார்த்துச் சரிசெய்வார். அதுபோல, பெற்றோர்களே, பள்ளிக் கூட்டத்தில் தமிழாசிரியரையும் தேடிச் சென்று பேசுங்கள். அன்றைய தமிழ்ப் பாடத்தைப் பிள்ளை வாசிக்க, நீங்கள் கேளுங்கள். நன்கு கற்பிக்கிறார் என்றால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைந்துபோனால் அந்தப் பணியிடமே நிலைக்காது. பிறகு பற்றுடைய ஆசிரியரை எங்கே தேடுவோம்?