மலையிறக்கத்தில் முழங்கால் நோவது ஏன்?

ஆலங்காயத்திலிருந்து, வானாய்வகம் அமைந்த காவலூர்ப் பக்கமாக ஜவ்வாது மலை ஏறுவோர் மூச்சிரைப்பதில் வியப்பில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ சுமையுடன் செங்குத்தாக 100 மீட்டர் உயர்ந்தால், பூமியின் ஆகர்ஷணத்தை வென்று சுமார் 78,000 ஜூல் நிலைச்சக்தியைச் சேர்க்கிறார். ஆகார சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கையே தசைகள் வேலையாக மாற்றுமாதலின், இதற்குச் செலவு சுமார் 75 கிலோகலோரி. ஒரு சிறு வாழைப்பழம் தருவதும் ஏறத்தாழ அவ்வளவே!

இறங்கும்போது அச்சக்தி எங்கே போகிறது? சக்தி அழிவதில்லை. முற்காலத்தில் ஏற்றமரத்தின்மேல் நடந்து மிதித்தவரின் உடல் தாழ்ந்தபோது, சாலில் நீர் உயர்ந்தது. அங்கே அது பயனாயிற்று. மலைப்பாதையிலோ அதனை வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. தொடைத் தசைகளே வண்டிக்குத் தடைக்கட்டை போல நின்று, நீண்டுகொண்டே சுமையைத் தாங்கி, அச்சக்தியைப் பெரும்பாலும் உஷ்ணமாக்குகின்றன. இதனால் மூச்சு அதிகம் வாங்குவதில்லை. ஆயினும் மறுநாள் தொடை வலிக்கும், முழங்காலும் நோகும்.

ஏறுகையில் பன்முறை இளைப்பாறிவிட்டு, இறங்குகையில் ஓடிவருவதைச் சாமர்த்தியமென எண்ணுவோர் பலர். அது தவறு. இறக்கத்திலேதான் சுமையைக் குறைத்து, கோலூன்றி, முழங்காலைச் சற்றே மடக்கிச் சிற்றடி வைத்து நடத்தல் வேண்டும்.