நல்லூர்த் திருவிழாவைக் கற்பிக்கும் முறை



ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறும். அன்றுதொட்டு 25 நாள் மகோற்சவம் நிகழ்ந்து, ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும். இக்கணக்கை முதலிற் கரும்பலகையிலே காட்டுக. பிரதமையிலிருந்து எண்ணின் சஷ்டி 6ஆந் திதி. அமாவாசை 30ஆந் திதி. ஆறுமுதல் முப்பதுவரை எண்ண 25 ஆகும். விழாநாட்டொகை மனம்போனவாறு அமைந்ததன்று, சந்திரனது வளர்வுந் தேய்வும் வகுத்த அளவே என்பதை மாணாக்கன் தானே கண்டு மகிழ்வான்.

திருவிழாவை நாடோறும் கண்ணாற் காணும் பிள்ளைக்கு அதனைப் பாடமாக்குவது எற்றுக்கு என்பீராயின், கூறுதும். யாம் மிஷன் கலாசாலையிற் கற்றேம். ஆங்குக் கிறித்தவ மாணாக்கர் தஞ்சமய வரலாற்றை ஆண்டும் இடமும் பெயரும் பிறழாது ஒப்புவிப்பர். ஆண்டுதோறுந் தேர்பார்த்த எம்மை அக்கோயில் வரலாறு யாதென ஆசிரியர் ஒருவர் அன்போடு வினாவியபொழுது வாய்வாளாதிருந்தேம். அந்நாணம் எம் மாணாக்கர்க்கு வாராதிருத்தல் வேண்டும்.

வரலாறு இது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1621இல் நல்லூர்ப் பழங்கோயிலை இடித்தனர். அது நின்றதென்று கருதப்படும் முத்திரைச் சந்திப் பக்கத்தில் இன்று கிறித்தவ தேவாலயம் உளது. சைவர் விரதச் சோறுண்ட இலையையும் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆண்டபொழுதே, இரகுநாத மாப்பாண முதலியார் முயற்சியால் இப்போதைய கோயில் குருக்கள் வளவில் எழுந்தது.

இவ்வளவிற் பாடத்தை முடித்தல் எளிது, முடித்தல் தகாது. அயலார் இடித்ததை மாத்திரம் உரைத்து, நாமே அடைத்த கதவை மறைத்தல் ஆசிரியர்க்கு அறமன்று. ஒடுக்கப்பட்ட குலத்தார் நெடுங்காலம் புறத்தே நின்றே வணங்கினர். நல்லூர்க் கதவு 1956இல் அவர்க்குந் திறந்தது. கோயில் முதலிய பொதுவிடங்களிற் சாதிபற்றித் தடுத்தலைக் குற்றமாக்கிய சட்டம் 1957இற் பிறந்தும், 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலிலே உட்செல்லும் உரிமை வேண்டிப் போராட்டம் நிகழ்ந்தது. இதனைச் சொல்லுங்கால் வகுப்பிலே சில பிள்ளைகள் தலைகுனிதலும் கூடும். குனியவேண்டியது தடுத்தார் வழிவந்த நமது தலையே என்று ஆசிரியர் தெளிவுறக் கூறுக.

மற்றொரு பிரிவும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் ஈற்றில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டனர். நல்லூர்க் கோயிலருகே முஸ்லிம் பெரியார் ஒருவரின் சமாதி இருந்ததென்னும் மரபையும் நம்மூரவர் பேணிவந்துளர். அம்மரபைச் சொல்லும் நாவே அவ்வயலார் அகற்றப்பட்டமையையும் சொல்லுதல் வேண்டும்.

பிளந்த இந்நகரிலே திருவிழா யாது செய்கின்றது? மூன்று காட்டுதும்.

முதலாவது, கொடிச்சீலை. அது செங்குந்த மரபினரிடமிருந்து வழிவழியாக வருவது. நெய்தற்றொழிலோர் தந்த சீலையின்றிக் கொடியில்லை, கொடியின்றி விழாவில்லை.

இரண்டாவது, கட்டியம். அதிலே புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. யாழ்ப்பாணத்தை வென்று, பின் கோட்டையில் ஆறாம் புவனேகபாகுவாக முடிபுனைந்த சப்புமல் குமாரயனே அவன் என்பார் உளர். வேறொருவன் என்பாரும் உளர். எவ்வாறாயினும், தென்னாட்டரசரும் பூண்ட பெயரொன்றை முருகன் சந்நிதியிலே நாம் விலக்காது வாழ்த்துகின்றோம்.

மூன்றாவது, அருச்சனைச் சீட்டு. அதன் விலை நெடுங்காலம் ஒரு ரூபாவாகவே இருந்தது. ஆடவர் அனைவரும் மேலாடை களைந்தே உட்புகுதல் வேண்டும். செல்வனும் வறியனும் அவ்வாயிலில் ஒருநிகரே.

ஆகவே திருவிழா பிரிவுகளைத் தானே ஒழித்துவிடும் மருந்தென்று மயங்கற்க. 1956க்கு முன்னும் தேர் ஓடிற்று. தேர்வடத்தை யார் தொடலாம், வாயிலுள் யார் புகலாம் என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தீர்மானிக்கின்றது. கைமாறும்பொழுது திருத்தம் பெறுவதாலன்றோ அது உயிருள்ள முதுசொம் எனப்படுகின்றது! அத்திருத்தத்தைச் செய்யும் கைகள் இன்று நம் வகுப்பிலே சிலேட்டும் கொப்பியும் ஏந்தியுள்ளன.

மாணாக்கர்க்கு வினாக்கள்

1. கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம்வரை 25 நாளாதலைத் திதிகொண்டு காட்டுக.
2. 1621, 1956 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவை யாவை? இரண்டையும் ஒருங்கே கற்றல் எற்றுக்கு?
3. உம் ஊர்க் கோயில் விழாவுக்குப் பூ, பந்தம், பறை, சீலை உதவுவார் யாவர்? அவருள் உட்புகாதார் உளரோ? முதியோரை வினாவி எழுதுக.

மூன்றாம் வினாவின் விடையைத் திருத்துமுன் ஆசிரியர் தாமும் அதற்கு விடையெழுதிப் பார்ப்பாராக.

திருச்சிற்றம்பலம்.